நீர்ச்சாட்சி

கடைசித் தாலிக்கெண்டை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனது. அது ஜெபக்கனி ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

கண்ணாடித் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஒரு விரல் நீளம்தான். கழுத்தைச் சுற்றித் தாலிக்கயிறு போல ஓடும் மஞ்சள் கோடு இரண்டு நாளாகவே வெளுத்துக்கொண்டு வந்திருந்தது. ஜெபக்கனி அதை உள்ளங்கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தாள். ஈரத்துணியில் சுற்றி உறைபெட்டிக்குள் வைத்தாள். பிறகு, நான்கு ஆண்டுகளாகத் தினமும் செய்வதைப் போல, தொட்டித் தண்ணீரில் ஒரு வாளி மொண்டுகொண்டு ஆற்றுக்கு நடந்தாள்.

அவள் பூவணியாற்றுக் காப்புநீர் நிலையத்தின் பொறுப்பாளர். வயது நாற்பத்தாறு. நாசரேத்துப் பக்கம் பிறந்து, மீன்களைப் பற்றியே படித்து, மீன்களுக்காகவே வேலைக்கு வந்து, கல்யாணப் பேச்சைப் பாதியிலேயே நிறுத்திவிட்டவள். மலையை விட்டு இறங்கும் ஆறு சமவெளியைத் தொடும் முன் ஓடுகிற நான்கு கிலோமீட்டர் அவள் காவலில் இருந்தது. அதற்குள் யாரும் இறங்கக் கூடாது. குளிக்க, துவைக்க, மீன் பிடிக்க, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட, எதற்கும். கரையோரக் குடியிருப்பில் இருந்த அறுபது வீட்டுக்காரர்களும் ஒன்பது ஆண்டுகளாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு லாரித் தண்ணீர் பிடித்தார்கள்.

அந்தத் தடைக்கு அடிப்படையான அரசாணையில் ஒரே ஒரு உயிரின் பெயர்தான் இருந்தது. தாலிக்கெண்டை. உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இல்லாத மீன். ஆற்றில் நீர்நாய் இருந்தது, மட்டி இருந்தது, இரண்டு வகை நண்டு இருந்தது, கார்த்திகையில் மட்டும் குரல் கொடுக்கும் தவளை ஒன்று இருந்தது. அவற்றை யாரும் ஆணையில் எழுதவில்லை. ஆற்று நீரைப் படிக்கும் கருவி அறுபது நாள் தொடர்ந்து தாலிக்கெண்டை இல்லையென்று சொன்னால், காப்பு தானாகவே நீங்கிவிடும். கோப்பு நகர வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டியதில்லை. எல்லைக்குக் கீழே தரவுக்கூடங்களைக் குளிர்விக்கத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் மூன்று வாய் மூடிக் காத்திருந்தன.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரையில் ஆறு வெந்நீராகிவிட்டது. தாலிக்கெண்டைகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. ஜெபக்கனியால் ஆறு மீன்களை மட்டும் உயிரோடு எடுத்துத் தொட்டியில் விட முடிந்தது. அதன்பின் ஆறு வாரம் வலை போட்டாள், பாறைப் பொந்துகளில் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் தொட்டித் தண்ணீரை முதல் முறையாக ஆற்றில் ஊற்றினாள்.

தொட்டியிலும் இனம் பெருகவில்லை. ஆண் இரண்டும் முதல் வருடமே போயின. மற்றவையும் ஒவ்வொன்றாகச் செத்து, மிஞ்சியது ஒரு பெண் மீன். அதுதான் இப்போது உறைபெட்டியில் இருந்தது. அதன் சளியையும் தசையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக் கரைத்தால் தை மாதம் வரை ஓட்டலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு பெண் நிலையத்து வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். முகம் சோகை பிடித்து வெளுத்திருந்தது.

"நா பேச்சியம்மா, மேடம். மாடசாமி வீட்டுக்காரி."

ஜெபக்கனிக்கு மாடசாமி என்ற பெயர் தெரியும். மேசை மேல் இருந்த நீதிமன்றச் சம்மனில் அதுதான் எழுதியிருந்தது. ஆற்றில் இறங்கித் தாலிக்கெண்டையைக் கொன்ற வழக்கு. நிபுணர் சாட்சி ஜெபக்கனி. விசாரணை வரும் திங்கள்கிழமை.

"உள்ள வந்து உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு மாசமா உள்ள கெடக்காவ மேடம். ஆத்துல எறங்குனது நெசம். நா இல்லன்னு சொல்லல. எனக்கு ரத்தம் நிக்காமப் போயிக்கிட்டிருந்துச்சி. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்ல. நத்தைச்சாறு குடிச்சா நிக்கும்னு ஆரோ சொல்லியிருக்காவ. அதுக்குத்தான் எறங்குனாவ. நத்தைதான் எடுத்தாவ. மீனைத் தொடல மேடம். அவுக கரிசக்காட்டுல பொறந்தவுக. எங்க ஆளுவள மாதிரி மீன் புடிக்கவே தெரியாது."

"மெஷின் அப்படிச் சொல்லலியேம்மா."

"அந்த மெஷினுக்கு எப்படி மேடம் தெரியும்? ஆளு இல்ல, கேமரா இல்ல. தண்ணிக்கு என்ன தெரியும்?"

ஜெபக்கனி எத்தனையோ பள்ளிக்கூடங்களில் சொன்ன விளக்கம்தான் அது. இன்று சொல்ல நாக்கு கூசியது.

"தண்ணியில எறங்குற எல்லா உயிரும் தன் உடம்புல கொஞ்சம் விட்டுட்டுப் போவும். மீனா இருந்தா சளி, செதிலு. மனுசனா இருந்தா வேர்வை, தோலு. அதுக்குள்ள அதது யாருன்னு எழுதியிருக்கும். கீழ்ப்பாறையில பதிச்சிருக்கோம்லா, நீர்ச்சாட்சி, அது தண்ணியை உறிஞ்சி அந்த எழுத்தைப் படிக்கும். நம்ம எல்லார் எழுத்தும் அடையாள அட்டையோட சேத்துப் பதிஞ்சிருக்கு. அன்னைக்கு உன் வீட்டுக்காரர் எழுத்து தண்ணியில இருந்துச்சி. அதே காலையில தாலிக்கெண்டை எழுத்து மூணு மடங்கு ஏறியிருந்துச்சி. ரத்தம் கலந்தாத்தான் அப்படி ஏறும்."

"அப்போ மீனோட ரத்தம்னு சொல்லுதியளா?"

"ஆமா."

"அவுக கொல்லலன்னா, அது எப்படி மேடம் வந்துச்சி?"

எப்படி வந்தது என்று ஜெபக்கனிக்குத் தெரியும். ஏழு மாதத்துக்கு முந்தைய அந்தக் காலையில், தொட்டித் தண்ணீர் மட்டும் போதாமல், மீனை வலையில் எடுத்து முதுகில் மழுங்கிய கத்தியால் சளி வழித்தாள். மீன் துள்ளியது. செதில் பெயர்ந்து ரத்தம் கசிந்தது. அந்தத் தண்ணீரைத்தான் ஆற்றில் ஊற்றினாள்.

"வெறுமனே எறங்குனதுக்கு ஆறு மாசம்தானாம். அது முடிஞ்சிட்டு. மீனைக் கொன்னதுக்கு மூணு வருசமாம். வக்கீலு சொன்னாரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு." பேச்சியம்மாள் கதவிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டாள். "கொல்லலன்னு சொல்லச் சொல்லல மேடம். தெரியலன்னு சொன்னாலே போதும்."

அவள் போன பிறகு ஜெபக்கனி ஆற்றங்கரையில் வெகுநேரம் நின்றாள். நீர்நாய் ஒன்று எதிர்க்கரைப் பாறையில் ஏறி உடம்பை உதறியது. 'தெரியவில்லை' என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அரசு வக்கீல் விடமாட்டார். அளவு ஏன் ஏறியது என்பார். வேறு காரணம் சொல்லச் சொல்வார். வேறு காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்று மாலை அவள் தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள்.

காப்புநீர் ஆணையத்தின் மண்டல அதிகாரி கோதண்டம் வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. ஜெபக்கனியை வேலைக்குத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். ஆற்று மீன்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் குரல் மாறுகிறவர். அவள் உறைபெட்டியைத் திறந்து துணியைப் பிரித்துக் காட்டினாள். நான்கு ஆண்டுக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ போச்சு?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"நான் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு நெனச்சேன்."

ஜெபக்கனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மீனைத் துணியால் மூடினாள்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"மூணு வருஷமாத் தெரியும். தினமும் காலையில ஆறரைக்கு அளவு ஏறுது, மத்தியானம் எறங்குது. எந்த மீன்மா கடிகாரம் பாத்துக் குளிக்கும்? நீங்க லீவுல போன நாள்ல அடியோட எறங்கிடுது. சுத்தமா பூஜ்யம் ஆகறதில்ல, கொஞ்சம் நிக்குது, அவ்வளவுதான்."

"நீர்ச்சாட்சிக் குழாய்ல பழைய சளி ஒட்டியிருக்கும் சார்."

"அதுதான் நாங்களும் நெனச்சோம்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க? என்னைக் காப்பாத்தவா?"

கோதண்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களை மாதிரியே ஆத்தைக் காப்பாத்தலாம்னுதான் நானும் ஆரம்பிச்சேன். அப்புறம் சட்டத்தை மாத்துனாங்க. ஒரு ஆத்தைக் கம்பெனிக்காரங்க எடுத்துக்கணும்னா அதுக்கு ஈடா இன்னொரு ஆறு நல்லா இருக்குன்னு காட்டணும். நம்ம மண்டலத்துல நல்லா இருக்கற ஆறு இது ஒண்ணுதான். பூவணியாத்துல தாலிக்கெண்டை செழிப்பா இருக்குன்னு காட்டித்தான் மத்ததை எல்லாம் கொடுத்தாங்க."

"எத்தனை ஆறு சார்?"

"பதினொண்ணு."

வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினோரு ஆறுகளிலும் என்னென்ன இருந்திருக்கும் என்று ஜெபக்கனியின் மனம் வரிசையாக எண்ணத் தொடங்கி, மூன்றாவது ஆற்றிலேயே நின்றுவிட்டது. அந்த ஆற்றில் அவள் கல்லூரிக் காலத்தில் முழங்கால் அளவு நீரில் நின்று மட்டி பொறுக்கியிருக்கிறாள்.

"இனி நீங்க எதுவும் சுரண்ட வேண்டாம்" என்றார் கோதண்டம். பையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. "லேபிலேயே தயார் பண்ணியிருக்காங்க. தாலிக்கெண்டையோட எழுத்து மட்டும். மாசம் ஒரு பெட்டி வரும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு ஊத்தினாப் போதும். இனிமே மீன் வேண்டாம்."

"மாடசாமி?"

"யாரு?"

"ஆத்துல எறங்குனவரு. திங்கக்கெழம எனக்குச் சாட்சி இருக்கு."

கோதண்டம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மூணு வருஷம் ஓடிடும்மா. அவர் குடும்பத்துக்கு நம்மால முடிஞ்சதைச் செய்வோம். நீங்க உண்மையைச் சொன்னா இந்த ஆறும் போயிடும். நீங்களே நெனச்சுப் பாருங்க."

ஜெபக்கனி நிலையத்துச் சாவிக்கொத்தை எடுத்து அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் நாட்குறிப்புகள் நான்கையும், துணியில் சுற்றிய மீனைக் குளிர்பெட்டி ஒன்றில் வைத்தும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். கோதண்டம் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாலிக்கெண்டை இனமே அழிந்துவிட்டது, நான்கு ஆண்டுகளாக நான்தான் ஊற்றினேன், அன்று ஏறிய ரத்தம் என் தொட்டி மீனுடையது, இந்த மனிதர் எந்த மீனையும் கொல்லவில்லை. கூண்டில் நின்ற மாடசாமி தலை குனிந்தே இருந்தான். ஒல்லியான ஆள். அவள் பேசி முடிக்கும்வரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பின் பெஞ்சில் பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். இளம் வயது. குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மா, நீங்க வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஆத்துப் பக்கம் போனீங்களா?"

"இல்லை."

"அப்போ மூணு நாளா நீங்க எதுவும் ஊத்தலை. இன்னைக்குக் காலையில நீர்ச்சாட்சி கொடுத்த அறிக்கை இது. கடைசி வரியைப் படிங்க."

அவள் படித்தாள். 'தாலிக்கெண்டை: உண்டு. நிலை: செழிப்பு.'

"அது பாட்டில்ல வந்தது. வேற ஆள் ஊத்துறாங்க."

"யாரு?"

அவள் கோதண்டத்தின் பெயரைச் சொன்னாள். வக்கீல் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். நீர்ச்சாட்சியின் வாக்குமூலத்தை மனிதரின் வாக்குமூலம் மறுக்க முடியாது என்ற சட்டப்பிரிவை வாசித்தார். சொல்லப்பட்ட பாட்டில் எதுவும் நீதிமன்றத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நீதிபதி நாட்குறிப்புகளைப் புரட்டினார். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு செத்த மீன் ஒரு செத்த மீனுக்குத்தான் சாட்சி, ஓர் இனத்துக்கு அல்ல என்றார். ஆனால் அந்தக் காலையில் ஒரு தாலிக்கெண்டையைக் காயப்படுத்தியதாக இந்த அம்மா தாமாகவே ஒப்புக்கொள்கிறார், நாட்குறிப்பும் அதைச் சொல்கிறது, எனவே கொலைக் குற்றம் மாடசாமியின் மேல் நிற்காது என்றார். ஆற்றில் இறங்கியதற்கான தண்டனையை அவன் ஏற்கெனவே அனுபவித்துவிட்டான். அன்று மாலையே அவனை விட்டார்கள்.

காக்கப்பட்ட உயிரைத் தொட்டியில் அடைத்து வைத்தது, காயப்படுத்தியது, சாகவிட்டது, அரசுப் பதிவில் பொய் கலந்தது என்று ஜெபக்கனி மேல் தனி வழக்கு நடந்தது. நான்கு மாதத்தில் முடிந்தது. மூன்று வருடம். பூவணியாற்றின் காப்பு நீடித்தது. நீர்ச்சாட்சி ஒரு நாளும் வாய் மூடவில்லை.

பெண்கள் சிறையில் அவளைப் பார்க்க முதலில் வந்தது பேச்சியம்மாள்தான். அதன்பின் மாதம் ஒருமுறை தவறாமல் வந்தாள். உடம்பு தேறியிருந்தது. வரும்போது முறுக்கோ அவித்த கிழங்கோ கொண்டுவருவாள். ஊர்ச் செய்தி சொல்வாள். காப்பு எல்லைக்கு மேலே, மலையடிவாரத்தில், புதிதாகக் குழாய் பதிக்கிறார்கள் என்றாள். எல்லைக்கு உள்ளே யாரும் தொடவில்லையாம், மேலேதான் எடுக்கிறார்களாம். ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டதாம். ஜெபக்கனி கேட்டுக்கொண்டாள். மட்டிகள் முதலில் போகும் என்று நினைத்தாள்.

பதினான்காவது மாதம் பேச்சியம்மாள் வரவில்லை. அவளுக்குப் பதில் மாடசாமி வந்தான். வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"பேச்சிக்கு என்ன?" என்றாள் ஜெபக்கனி பதற்றத்தோடு.

"ஒண்ணுமில்ல மேடம். நல்லாருக்கா. நா வந்தது அவளுக்குத் தெரியாது."

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நா அன்னைக்கு நத்தை மட்டும் எடுக்கல மேடம்."

"என்ன சொல்லுதிய?"

"ஆலமரத்துப் பாறைக்கு மேல ஒரு பொடை இருக்கு, பொந்து மாதிரி. நத்தைக்குக் கைய விட்டேன், உள்ள என்னமோ வழுக்கிட்டு ஓடுச்சி. துண்டைக் குறுக்க விரிச்சேன். ரெண்டு மீனு மாட்டுச்சி. கழுத்துல மஞ்சளா ஒரு கோடு. நா கரிசக்காட்டான், எனக்கு மீனு தெரியாது. அவ ரத்தமில்லாமக் கெடக்காளேன்னு நத்தையோட சேத்து அரைச்சுச் சாறு வச்சிட்டேன். நத்தைச்சாறுன்னு நெனச்சுத்தான் குடிச்சா. அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

ஜெபக்கனி வலைக் கம்பிக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு எவ்வளவு பெருசு?"

"ஒண்ணு என் நடுவிரல் இருக்கும். இன்னொண்ணு அதுல பாதி."

பாதி என்றால் ஆண். தாலிக்கெண்டையில் ஆண் எப்போதும் பெண்ணில் பாதிதான்.

"பெருசுக்கு வயித்துல முட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சி மேடம். மஞ்சளா, கடுகு கணக்கா. அதையும் சேத்துத்தான் அரைச்சேன்."

ஆலமரத்துப் பாறை நிலையத்திலிருந்து முந்நூறு அடி தள்ளி இருந்தது. அந்த நாளில் அவள் தொட்டியில் ஒரு பெண் மீன் தனியாக உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. அவள் விடுப்பில் போன நாட்களிலும் பூஜ்யத்தைத் தொடாத அந்தச் சிறிய அளவு, குழாயில் ஒட்டிய சளி அல்ல. மலைமேல் ஏதோ ஒரு சுனையில் தப்பிய மீன்கள் எந்த மழையிலோ அடித்து வந்திருக்க வேண்டும். அவை ஆற்றிலேயே இருந்து தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அவள் ஊற்றிய வாளித் தண்ணீரில் அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

"கோர்ட்டுல நீங்க எனக்காகப் பேசும்போதே சொல்லியிருக்கணும். பேச்சி மொகத்தைப் பாத்தேன், வாய் வரல." மாடசாமி அழத் தொடங்கியிருந்தான். "சாப்பாடு எறங்க மாட்டேங்கு மேடம். கடைசி மீனு, கடைசி மீனுன்னு அன்னைக்கு நீங்க சொன்னது காதுலயே நிக்கி. நான்தானா மேடம்? நான்தான் தின்னுத் தீத்தேனா?"

ஜெபக்கனி அவனைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்கு அவன் மிகவும் கிழடாகியிருந்தான்.

"அது தாலிக்கெண்டை இல்ல, மாடசாமி" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"சாதாரணக் கெண்டை. சினை புடிச்ச நேரத்துல எந்தக் கெண்டைக்கும் கழுத்துல மஞ்சள் ஏறும். தெரியாதவங்க பாத்தா அப்படித்தான் நெனப்பாங்க."

"நெசமாவா மேடம்?"

"நா படிச்ச படிப்பே அதுதான."

அவன் கையை எடுத்து முகத்தைத் துடைத்தான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். அவன் எழுந்து கும்பிட்டான். அடுத்த மாதம் பேச்சியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். கதவுப் பக்கம் நடந்தபோது அவன் முதுகு வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்திருந்தது.

அவன் போன பிறகும் அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காவலர் இரண்டாம் முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் எழுந்தாள்.